கடன் கொப்பியும் காசுப் பெட்டியும்





வியாபாரத்தைப் பற்றி மிம்பர்களிலும் வானொலியிலும் நாம் பேசும்போது, பெரும்பாலும் அளவை நிறுவையில் மோசடி கூடாது, வட்டி கூடாது, ஸகாத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பவற்றோடு நிறுத்திக்கொள்கின்றோம். இவை யாவும் பேசப்பட வேண்டியவைதாம். எனினும் இன்னொரு மனிதர் இருக்கின்றார். அவர் நிறுவையில் குறைப்பதில்லை. வட்டியை வெறுக்கின்றார். ஐவேளைத் தொழுகையையும் பேணுகின்றார். கடையில் நாளாந்தம் வியாபாரமும் நன்றாகவே நடக்கின்றது. அவ்வாறிருந்தும் ஒரு திங்கட்கிழமை காலையில், தாம் எழுதிக் கொடுத்த காசோலைக்கு வங்கியில் காசில்லாமல், யாரிடம் கைமாற்றுக் கேட்பது என்று தெரியாமல் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கின்றார். அன்று மாலைக்குள் அவர் வெறுத்த வட்டிக்காரனின் வாசலுக்கே போய்விடுகின்றார். இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை நாம் பேசுவதேயில்லை. இன்று அதனையே பேச விரும்புகின்றேன்.

எமது பாடசாலைகளில் உயர்தரத்தில் கணக்கீடு கற்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். காசுப் பாய்ச்சல் என்றொரு பாடம் உண்டு என்பார்கள். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. காசு எப்போது உள்ளே வருகின்றது, எப்போது வெளியே போகின்றது, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களை எதைக்கொண்டு கடப்பது என்பதே அப்பாடத்தின் சாரம். இலாபம் வருவது ஒரு விடயம். கொடுக்க வேண்டிய நாளில் கையில் காசு இருப்பது இன்னொரு விடயம். இவ்விரண்டும் ஒன்றேயென எண்ணுவதிலிருந்துதான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அம்பாறை மாவட்டத்தில் வயல் சூழ்ந்த ஓர் ஊரில் ஒரு பலசரக்குக் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 40,000 ரூபா வியாபாரம். மாதத்திற்கு 12 இலட்சம். அச்சரக்கின் கொள்விலை 10 இலட்சத்து 80 ஆயிரம். கடை வாடகை, மின்சாரம், உதவிக்கு நிற்கும் பிள்ளையின் சம்பளம் எல்லாம் சேர்த்து 70,000. எஞ்சுவது 50,000 ரூபா. ஹலாலான, போதுமான இலாபம்தான்.

ஆனால் வயல் ஊரில் எல்லோரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. பெரும்போகத்திற்கு ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் மாசி, பங்குனியில்தான் அறுவடை. அதுவரையில் அரிசியும் மாவும் சீனியும் கொப்பியில் எழுதித்தான் போகும். எமது உதாரணக் கடையில் நான்கில் ஒரு பங்கு வியாபாரம், அதாவது மாதத்திற்கு 3 இலட்சம் ரூபா, நவம்பர் தொடக்கம் கொப்பிக்குப் போகின்றது என்போம். அவ்வாறாயின் மாதத்தில் கைக்கு வரும் காசு 9 இலட்சம். வெளியே போக வேண்டியது 11 இலட்சத்து 50 ஆயிரம். 50,000 ரூபா இலாபம் ஈட்டிய அதே மாதத்தில் இரண்டரை இலட்சம் ரூபா குறைகின்றது. கணக்கிலே பிழை ஏதும் இல்லை. இலாபம் முழுவதும், அதற்கு மேலாக முதலின் ஒரு பகுதியும், கொப்பியின் தாள்களுக்குள் போய் அமர்ந்துவிட்டன.

இதனை அந்த முதலாளி முதல் மாதத்திலேயே உணர்ந்தால் நல்லது. அவர் உணர்வதில்லை. ஏனெனில் மொத்த வியாபாரி அவருக்கு 30 நாள் தவணை தருகின்றார். நவம்பரில் எடுத்த சரக்குக்கு டிசம்பரில்தான் பணம். ஆகவே நவம்பர் முடிவில் 9 இலட்சம் வந்து, 70,000 செலவாகி, 8 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா லாச்சியிலும் வங்கியிலும் நிற்கின்றது. வாழ்நாளில் இவ்வளவு காசை ஒன்றாகக் கண்டிராதவர் அதனைத் தம்முடையதென எண்ணுவது இயல்பே. வீட்டுக்கு மேல்மாடி போடலாமா, மகளின் திருமணத்துக்கு நகை எடுத்து வைக்கலாமா என்ற யோசனையெல்லாம் அந்த வேளையில்தான் வரும். 4 இலட்சத்தை எடுத்து வீட்டு வேலையில் போடுகின்றார் என்று வையுங்கள். மிகுதி 4 இலட்சத்து 30 ஆயிரம். டிசம்பரில் இரண்டரை இலட்சம் குறைய ஒரு இலட்சத்து 80 ஆயிரம். ஜனவரியில் மீண்டும் இரண்டரை இலட்சம் குறைய வேண்டும், இருப்பதோ போதாது. 70,000 ரூபா பற்றாக்குறையோடு காசோலை திரும்புகின்றது. அறுவடைக்கு இன்னும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ இருக்கின்றது.

அவர் அந்த 4 இலட்சத்தைத் தொடாமலே இருந்திருந்தால்? டிசம்பர் முடிவில் 5 இலட்சத்து 80 ஆயிரம், ஜனவரியில் 3 இலட்சத்து 30 ஆயிரம், பெப்ரவரியில் 80 ஆயிரம். அறுவடைக் காசு மார்ச்சில் வந்து சேரும்வரை ஒரு முடிப்பளவுக்குத் தாக்குப் பிடித்திருப்பார். வீட்டுச் செலவுக்கு நாளாந்தம் பெட்டியிலிருந்து எடுத்ததை நாம் இன்னும் சேர்க்கவேயில்லை என்பதையும் கவனத்திற் கொள்ளுங்கள்.

சகோதரர்களே, இதனை நவீன கணக்காளர்கள் கண்டுபிடித்ததாக எண்ணிவிடாதீர்கள். எமது ஃபிக்ஹ் கிரந்தங்களில் தஃப்லீஸ் என்றொரு பாடம் உண்டு. கடனில் மூழ்கிய ஒருவரின் சொத்தை நீதிபதி எப்போது முடக்கலாம் என்பது பற்றிய சட்டங்கள் அங்கே கூறப்படுகின்றன. ஷாபிஈ மத்ஹபில், தவணை முடிந்து உடனே கொடுக்க வேண்டிய கடன்களே அதற்குக் கணக்கிலெடுக்கப்படும். தவணை முடியாத கடனுக்காக ஒருவரை முடக்க முடியாது. உடனே கொடுக்க வேண்டியதற்கு ஹால் என்றும், தவணைக்குரியதற்கு முஅஜ்ஜல் என்றும் பெயர். அரபு மத்ரஸாக்களில் ஓதிய எல்லோரும் இச்சொற்களைக் கடந்தே வந்திருப்பார்கள். ஒரு மனிதனின் நிலைமையை, அவன் மொத்தத்தில் எவ்வளவு கடன்பட்டிருக்கின்றான் என்பது மட்டுமல்லாமல் எந்தக் கடன் எந்த நாளில் வந்து நிற்கின்றது என்பதும் தீர்மானிக்கின்றது என்பதை அந்த இமாம்கள் நன்கறிந்திருந்தார்கள். உங்கள் கடையிலும் செய்ய வேண்டியது அதுவே. வர வேண்டியவற்றையும் கொடுக்க வேண்டியவற்றையும் நாள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

இனி கொப்பிக்கு வருவோம். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால், தொழுகையைப் பற்றியது அல்லது நோன்பைப் பற்றியது என்றே பலர் கூறுவர். ஸூரா அல்பகராவின் 282 ஆவது வசனமே அது. தவணைக்குக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்வதைப் பற்றி அது விரிவாகப் பேசுகின்றது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணையைக் குறிப்பிட்டு எழுதச் சோம்பல் கொள்ள வேண்டாம் என்பதும் அதில் அடங்கும். இங்கே தவணை என்ற சொல்லைச் சற்று நின்று கவனியுங்கள். எமது கடைக் கொப்பிகளில் பெயர் இருக்கும், பொருள் இருக்கும், தொகை இருக்கும். கொடுக்கும் திகதி இருக்காது. "அறுப்பு முடிய" என்று வாயால் சொன்னதே தவணை. எந்த அறுப்பு, யாருடைய வயல், நெல்லு விற்றவுடனா, பள்ளிவாசல் கந்தூரி முடிந்தா? ஷாபிஈ இமாம்கள் அறுவடை என்ற நாள் தெரியாத தவணையை ஏற்பதில்லை. காரணம் விளங்குகின்றதல்லவா? நாள் தெரியாவிட்டால் கேட்பவருக்கு எப்போது கேட்பதென்று தெரியாது. கொடுப்பவருக்கு எப்போது தாம் பிந்தினோமென்று தெரியாது. இருவரும் முகம் பார்க்கக் கூசி, ஒரே ஸஃப்பில் தொழுதுவிட்டு வெவ்வேறு வாசலால் வெளியேறுகின்றார்கள்.

ஆகவே கொப்பியில் இன்னொரு கோட்டைக் கிழித்துத் திகதிக்கென ஒரு நிரலை ஒதுக்குங்கள். எடுப்பவர் முன்னாலேயே எழுதுங்கள். அவரிடமும் ஒரு சிறு கொப்பியைக் கொடுத்து அதிலும் எழுதுங்கள். முன்பு பல கடைகளில் இந்த இரட்டைக் கொப்பி வழக்கம் இருந்தது. சிலர் இதனை நம்பிக்கையின்மை என்று தவறாக விளங்கிக்கொள்கின்றனர். எழுதாமல் விட்டு, பின்னர் தொகையில் தகராறு வந்து, பள்ளி நிர்வாகத்தின் முன் சத்தியம் செய்யும் நிலைக்கு வருவதைவிட எழுதுவது எவ்வளவோ இலேசு. அவ்வாறான இணக்கசபைகளில் அமர்ந்தவன் என்ற வகையில் சொல்கின்றேன்: அங்கே பொய் சொல்பவர்கள் குறைவு. மறந்தவர்களே அதிகம்.

ஒருவருக்கு எவ்வளவு வரையில் கடன் கொடுப்பது என்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். அந்த எல்லையைக் கடன் கேட்பவரின் முகத்தைப் பார்த்து அந்த நேரத்தில் தீர்மானிக்க முடியாது. மாதத் தொடக்கத்தில், கடையில் யாரும் இல்லாத வேளையில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். "இந்த மாதம் கொப்பிக்கு 2 இலட்சத்துக்கு மேல் போகாது" என்ற முடிவு உங்களிடம் இருந்தால், எல்லை முடிந்தபின் வருபவரிடம் உண்மையைச் சொல்ல உங்களால் முடியும். ஏழைக்கு உதவ வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாக உதவுங்கள், ஆனால் அதனை ஸதகா என்றோ, தகுதியுள்ளவராயின் ஸகாத் என்றோ எழுதிக் கொடுங்கள். கடன் என்ற பெயரில் கொடுத்து, திரும்பி வராது என்று உள்ளூரத் தெரிந்துகொண்டே கொப்பியில் சொத்தாகக் கணக்கிட்டு வைப்பது, உங்களை நீங்களே ஏமாற்றுவதாகும்.

கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு அதே ஸூராவின் 280 ஆவது வசனம் வழிகாட்டுகின்றது. அதே வேளை, வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். இவ்விரண்டு போதனைகளும் இரண்டு வேறு மனிதர்களுக்குரியவை. வெள்ளத்தில் வயலைப் பறிகொடுத்த விவசாயியையும், புதிய மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிக் கடை பாக்கியை அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்பவரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டியதில்லை. முதலாமவருக்கு அவகாசம் கொடுப்பது உங்கள் கடமை. இரண்டாமவரிடம் உறுதியாகக் கேட்பது உங்கள் உரிமை. உங்கள் கடன்காரருக்கு நீங்கள் செலுத்த வேண்டியதும் அதிலேயே தங்கியிருக்கின்றது.

வெள்ளம் என்றதும் 2024 நவம்பர் இறுதி உங்கள் நினைவுக்கு வரும். அந்த அடைமழையில் அம்பாறை மாவட்டத்தின் வயல்கள் விதைத்த சில வாரங்களிலேயே நீரில் மூழ்கின. அதற்கு முன் 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் தடை நீக்கப்பட்டபோதும் அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. அறுவடையை நம்பிக் கொப்பி எழுதிய கடைக்காரர்கள் விவசாயியின் நட்டத்தில் பங்காளிகளாகிப் போனார்கள். 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் நாட்டின் பல பகுதிகளில் எம்மவரின் கடைகளுக்கு வாடிக்கையாளர்கள் வராமற் போனதையும் நாம் கண்டோம். இவற்றில் ஒன்றையும் அந்தக் கடைக்காரர்கள் செய்யவில்லை. ஆயினும் வாடகையும் காசோலையும் நிற்கவில்லை. இரண்டு மாதச் செலவையேனும் தனியாக வைத்திருந்தவருக்கும், நேற்றைய விற்பனையைக்கொண்டு இன்றைய கடனை அடைத்தவருக்கும் இடையிலான வேறுபாடு அந்நாட்களில்தான் தெரிந்தது.

2022 ஆம் ஆண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவையும் தொட்டது. பழைய விலைக்கு வாங்கிய பருப்பைப் பழைய விலையோடு சிறிது இலாபம் வைத்து விற்றவர், கடை நிறைய விற்பனை நடந்ததைக் கண்டு மகிழ்ந்தார். மீண்டும் கொழும்புக்குப் போனபோது, விற்று வந்த காசுக்குப் பழைய மூடைகளில் பாதிதான் கிடைத்தது. கொப்பியில் கடன் எழுதியிருந்தவரின் நிலை இதைவிட மோசம். மூன்று மாதத்தின் பின் அவருக்குக் கிடைத்த அதே தொகை, அதே பொருளை வாங்கப் போதவில்லை. கடன் கொடுத்த தொகைக்கு மேல் கேட்பது வட்டியாகிவிடும் என்பதால் அவர் கேட்கவும் முடியாது. இலகுவான பரிகாரம் இதற்கு இல்லை. விலை நிலையில்லாத காலங்களில் கொப்பியைச் சுருக்கிக்கொள்வதே செய்யக்கூடியது. பண்டத்தைப் பதுக்கி வைப்பது வழியன்று என்பதை இங்கு விரிக்கத் தேவையில்லை.

இப்போது காசோலை. எமது நாட்டின் மொத்த வியாபாரம், குறிப்பாகப் புறக்கோட்டை வியாபாரம், பின்திகதியிட்ட காசோலையில் ஓடுகின்றது. 30 நாள், 45 நாள், 60 நாள் என்று திகதியிட்டு எழுதிக் கொடுத்துவிட்டுச் சரக்கை லொறியில் ஏற்றிக்கொண்டு வருகின்றோம். இதில் மார்க்கத்திற்கு முரணாக ஏதுமில்லை. தவணைக்கு வாங்குவது ஆகுமானதே. தவணை விலை, கைக்காசு விலையைவிடக் கூடுதலாக இருப்பினும், ஒப்பந்தத்தின்போதே ஒரு விலையாகத் தீர்மானிக்கப்பட்டு, பின்னர் பிந்தினாலும் கூட்டப்படாதிருப்பின் பெரும்பாலான இமாம்களிடம் அது கூடும். ஆனால் காசோலை ஒரு வாக்குறுதி. கையொப்பமிட்டு, நாளும் குறித்துக் கொடுத்த வாக்குறுதி. அன்றைக்குக் காசு இருக்காது என்று தெரிந்துகொண்டே எழுதுவது அமானிதத்தைப் பாழாக்குவதாகும். அது மட்டுமன்று, 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, கணக்கில் போதிய நிதியில்லையெனத் தெரிந்துகொண்டே காசோலை வழங்குவது தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையில் தொகையை எழுதிவிட்டால் போதுமென்று பலர் இருக்கின்றார்கள். அது போதாது. சுவரில் தொங்கும் கலண்டரை எடுங்கள். பள்ளிவாசலில் தந்த கலண்டரே போதும். எழுதிக் கொடுத்த ஒவ்வொரு காசோலையையும், அது வங்கிக்கு வரும் நாளின் கட்டத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள். உங்களுக்கு வர வேண்டிய காசோலைகளையும் பாக்கிகளையும் அவை வரும் நாளில் நீல மையால் எழுதுங்கள். வாடகை, மின்சாரம், சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, எல்லாவற்றையும் சிவப்பில் இடுங்கள். அடுத்த எட்டு வாரங்களுக்கு இதனைச் செய்து பார்த்தால், எந்த வாரத்தில் சிவப்பு மட்டுமே இருக்கின்றதென்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஐந்து வாரத்துக்கு முன்பே தெரிந்த பற்றாக்குறைக்கு வழியுண்டு. மொத்த வியாபாரியிடம் போய் "அந்த வாரம் என்னால் இயலாது, ஒரு வாரம் தள்ளித் திகதியிடுவோம்" என்று முன்கூட்டியே பேசலாம். அடுத்த கொள்வனவைக் குறைக்கலாம். காலையில் வங்கி திறந்தபின் தெரியவரும் பற்றாக்குறைக்குத்தான் வழியில்லாமற் போகின்றது. நீல மையில் எழுதும்போது ஒரு எச்சரிக்கை: வரும் என்று நம்புவதை எழுதாதீர்கள். சென்ற போகத்தில் அவர் உண்மையில் எப்போது கொடுத்தாரோ அந்த நாளை எழுதுங்கள்.

சம்பளம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடையில் நிற்கும் பிள்ளைக்கு 35,000 ரூபா சம்பளம் என்றால், அதில் 8 சதவீதமான 2,800 ரூபா அவருடைய பங்களிப்பாகக் கழிக்கப்படுகின்றது. நீங்கள் 12 சதவீதமாக 4,200 ரூபா சேர்த்து 7,000 ரூபாவாக ஊழியர் சேமலாப நிதிக்கும், மேலும் 3 சதவீதமாக 1,050 ரூபா ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் அடுத்த மாத முடிவுக்குள் செலுத்த வேண்டும். கையில் காசு இறுகும்போது பலர் முதலில் பிற்போடுவது இதனைத்தான். ஏனென்றால் அந்தப் பிள்ளை கேட்கமாட்டான். 2,800 ரூபா என்பது அவனுடைய சொந்த உழைப்பு. அது உங்கள் லாச்சியில் இருப்பது அமானிதமாகவே. அதனைக்கொண்டு சீனி மூடை வாங்க உங்களுக்கு உரிமையில்லை.

பற்றாக்குறை வந்தே விட்டது. என்ன செய்வார்கள்? ஊருக்கு ஒருவர் காசோலை மாற்றிக் கொடுப்பவராக இருக்கின்றார். ஒரு மாதத்தின் பின்னான ஒரு இலட்சம் ரூபா காசோலையைக் கொடுத்தால் இன்றைக்கு 96,000 ரூபா கையில் தருவார். இதனை வட்டி என்று சொல்லமாட்டார்கள்; கொமிஷன் என்பார்கள். பெயர் மாறியதால் சட்டம் மாறாது. இன்றைய குறைந்த காசுக்கு நாளைய கூடிய காசைப் பரிமாறுவதை எமது இமாம்கள் வட்டியின் பாடத்திலேயே வைத்திருக்கின்றார்கள். மாதத்துக்கு 4,000 என்றால் பொறுக்கக்கூடியதாகத் தோன்றும். அடுத்த மாதம் அந்தக் காசோலையைக் காப்பாற்ற இன்னொரு காசோலை, அதற்கடுத்த மாதம் மற்றொன்று என்று ஓராண்டு ஓடினால் கொமிஷன் மட்டும் 48,000 ரூபா. 96,000 ரூபாவைப் பெற்றவர் பாதியைக் கொடுத்து முடித்தும், முதல் அப்படியே நிற்கும். மீற்றர் வட்டியின் கணக்கு இதனைவிடக் கொடியது. அதனை இங்கே போட்டுக் காட்ட நான் விரும்பவில்லை.

இதற்குப் பதிலாக ஒரு வழியைப் பாருங்கள். உங்களுக்குத் தரவேண்டியவரிடமே போய், தவணைக்கு முன் தந்தால் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதாகப் பேசலாம். மூன்றாமவர் எவரும் இடையில் இல்லாமல், ஆரம்பத்திலேயே நிபந்தனையாக வைக்காமல், கொடுத்தவரும் எடுத்தவரும் மட்டும் பேசி முடிப்பதாயின் இது ஆகும் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1992 இல் ஜித்தாவில் கூடிய ஏழாவது அமர்வில் தீர்மானித்தது. முன்னைய இமாம்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருந்ததென்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 4,000 ரூபாவைக் கொமிஷன்காரனுக்குக் கொடுப்பதைவிட உங்கள் வாடிக்கையாளருக்கே விட்டுக்கொடுத்தால், அந்தக் காசு ஊரில் ஒரு குடும்பத்துக்கு உதவும்.

காசை முன்கூட்டியே பெறுவதும் ஆகுமான ஒரு வழியே. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளவர்கள் ஓராண்டு, ஈராண்டு கழித்துக் கிடைக்கும் பேரீத்தம் பழத்துக்கு முன்பணம் கொடுத்து வந்தார்கள். அதனை நபியவர்கள் தடுக்காமல், அளவும் நிறையும் தவணையும் தெரிந்ததாக இருக்க வேண்டுமென ஒழுங்குபடுத்தினார்கள். இதுவே ஸலம் எனும் வியாபாரம். விவசாயிக்கு விதைப்பு வேளையில் காசு கிடைக்கின்றது. வியாபாரிக்கு அறுவடையில் நெல் கிடைக்கின்றது. ஆனால் ஒரு நுட்பத்தைத் தவறவிடக் கூடாது. ஷாபிஈ மத்ஹபில் ஒப்பந்தம் நடக்கும் அமர்விலேயே முழு விலையும் கையளிக்கப்பட வேண்டும். "நீ எனக்குத் தரவேண்டிய 60,000 ரூபா கடை பாக்கியையே உன் நெல்லுக்கு முன்பணமாக வைத்துக்கொள்வோம்" என்று சில ஊர்களில் பேசிக்கொள்கின்றார்கள். கடனைக் கடனுக்கு விற்பதாக அமைவதால் அது ஸலமாக நிறைவேறாது. விலையையும் விவசாயி தன் நெருக்கடியில் மிகக் குறைத்தே ஒப்புக்கொள்கின்றான். அவனுடைய பாக்கி பாக்கியாகவே இருக்கட்டும். நெல்லை அறுவடை நாளின் விலைக்கு வாங்கி, அக்காசிலிருந்து அவன் பாக்கியைத் தீர்க்கட்டும்.

தையல் கடை வைத்திருப்போர், பெருநாள் காலத்தில் முற்பணம் வாங்குவோர் கவனிக்க: முற்பணம் கைக்கு வந்த காசேயன்றி இலாபமன்று. உடுப்பைத் தைத்துக் கொடுக்கும்வரை அது நீங்கள் தீர்க்க வேண்டிய பொறுப்பு. நோன்பு பதினைந்தில் வந்த முற்பணத்தில் வீட்டுத் திரைச்சீலை வாங்கியவர், நோன்பு இருபத்தைந்தில் துணி வாங்கக் காசின்றி நின்ற கதை பல ஊர்களில் உண்டு.

வீட்டுச் செலவைப் பற்றி மீண்டும் சொல்லாமல் விட முடியாது. கடைப் பெட்டியும் வீட்டுப் பெட்டியும் ஒன்றாக இருக்கும்வரை மேற்சொன்ன எந்தக் கணக்கும் நிற்காது. உங்களுக்கு நீங்களே ஒரு சம்பளத்தைத் தீர்மானியுங்கள். எமது உதாரணக் கடையில் இலாபம் 50,000 என்றால் 35,000 எடுங்கள். அதனை வீட்டில் கையளித்து, கடையின் உண்மை நிலையை மனைவியிடமும் சொல்லுங்கள். எமது பெண்கள் சீட்டுப் போட்டும் சிறுகச் சேர்த்தும் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் திறமைசாலிகள். கடையில் என்ன நடக்கின்றதென்று தெரியாத காரணத்தினால்தான் அவர்கள் இயலாத நேரத்தில் இயலாததைக் கேட்கின்றார்கள். முதலாளி என்ற பெயருக்காக உண்மையை மறைத்து வாங்கிக் கொடுப்பவர் கடையை மெல்ல மெல்லக் கரைக்கின்றார்.

ஸகாத்தின் வேளையிலும் இதே நெருக்கடி வருகின்றது. வியாபாரப் பொருளின் ஸகாத் இரண்டரை சதவீதம். ஆண்டு நிறைவில் சரக்கை விற்பனை விலையில் மதிப்பிட்டு, கையிலுள்ள காசையும், திரும்பக் கிடைக்கும் என்று உறுதியாக நம்பும் பாக்கியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, நீங்கள் பட்டுள்ள கடன் ஸகாத் கடமையாவதைத் தடுக்காது. ஹனபி மத்ஹபில் கடன் கழிக்கப்படும். உங்கள் நிலைமையை ஓர் ஆலிமிடம் கணக்கோடு போய்க் கேளுங்கள். கணக்கில்லாமல் வந்து கேட்பவருக்கு எந்த ஆலிமாலும் பதில் சொல்ல இயலாது. 20 இலட்சம் ரூபா சரக்கும் பாக்கியும் காசுமாக இருக்கும் கடைக்கு 50,000 ரூபா ஸகாத். ரமழானில் பெருநாள் சரக்குக்கு முழுக் காசையும் கொட்டிவிட்டு நிற்பவருக்கு அந்த 50,000 மலையாகத் தெரியும். மாதத்துக்கு 4,000 ரூபாவும் சிறிதும் தனி உறையில் போட்டு வந்தவருக்கு அது ஒரு நாள் வேலை. கலண்டரில் ஸகாத்தையும் சிவப்பு மையில் எழுதுங்கள்.

இறுதியாக ஒன்று. நபி (ஸல்) அவர்களிடம் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. மரணித்தவர் மீது இரண்டு தீனார் கடன் இருந்தது. அதனைத் தீர்க்க அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை. அதனை அபூ கதாதா (ரழி) அவர்கள் பொறுப்பேற்றுக்கொள்ளும்வரை நபியவர்கள் தாமே முன்னின்று தொழுவிக்க வரவில்லை. எமது மையித்துகளின்போதும், கடன் இருப்பின் வாரிசுகளிடம் பேசிக்கொள்ளுமாறு அறிவிப்புச் செய்கின்றோம். கடைக்காரரின் ஜனாஸா என்றால் மறுநாளே மொத்த வியாபாரிகள் காசோலைப் பிரதிகளோடு வருகின்றார்கள். தரவேண்டியவர்களோ பெரும்பாலும் வருவதில்லை. திகதியும் தொகையும் ஒழுங்காக எழுதப்பட்ட கொப்பி ஒன்று இருந்தால், அந்த விதவை யாரிடம் எவ்வளவு கேட்க வேண்டுமென்பதை அறிவாள். கடன் தீர்த்து மிஞ்சியதுதான் பிள்ளைகளின் வாரிசுச் சொத்து. ஆகவே அந்தக் கொப்பி எங்கே இருக்கின்றது, காசோலைப் புத்தகம் எங்கே, எந்தத் திகதிகளில் எவை வர இருக்கின்றன என்பதை வீட்டில் ஒருவருக்கேனும் இன்றே காட்டி வையுங்கள்.